திரும்பி வருவதற்கு ஓர் உறுதி

கிழக்கிலங்கையின் ஏறாவூர்ச் சந்தையில் பண்டமாற்று என்றால் இரண்டு கையும் நீள வேண்டும். மீனைக் கொடுத்தால் நெல்லைக் கொடு. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் ‘மாணவர் பரிமாற்றம்’ என்று நடத்துகிற வியாபாரத்தில் ஒரு கைதான் நீளும். மற்றக் கை நம்முடைய சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்.

வருகிறவர்களை முதலில் பார்ப்போம். ஐரோப்பாவிலிருந்து ஒரு மாணவி வருகிறாள். வீசாவை வீட்டுக் கதிரையில் இருந்தபடியே எடுத்துவிட்டாள். பாசிக்குடாவில் இரண்டு நாள் குளிப்பு, மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனுக்குக் காது கொடுத்து ஓர் இரவு, பிறகு ஏறாவூர். 1990 ஆகஸ்ட் 11 இரவு விடுதலைப் புலிகள் ஊருக்குள் புகுந்து, குழந்தைகளையும் விடாமல், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை ஒரு மூத்தம்மா சொல்கிறா. சொல்லி அழுகிறா. அழுது முடித்துத் தேத்தண்ணியும் கொடுக்கிறா. அந்த அழுகை கப்பலேறாமலே கடல் கடந்து, ஆய்வுக் கட்டுரையாகி, அங்கே ஒருத்திக்குக் கிரெடிட் ஆகிறது. மூத்தம்மாவுக்கு மிச்சம், கழுவ வேண்டிய கோப்பை.

அதே வீட்டில் ஒரு பேத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைக்குக் கஷ்டமில்லை, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா வாங்கித் தந்த இலவசக் கல்வியில் படித்து, இசட் புள்ளியில் தப்பி, கெம்பஸ் போனவள். ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வீடு முழுக்கச் சந்தோசம். அது சரியாக ஒரு கிழமை நீடிக்கும்.

பிறகு பட்டியல் வரும். புலமைப்பரிசில் கைகொடுக்காதவர் ஜேர்மனிக்குப் படிக்கப் போவதென்றால், 2024 செப்டம்பரிலிருந்து, ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவைப் பெரும்பாலும் முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் காசில் ஏறக்குறைய 40 இலட்சம். வேறு நாடுகள் வேறு தொகை சொல்லும். கணக்கு என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான்: ‘நீ ஏழையில்லை என்று நிரூபி.’ இதற்கென்றே கணக்கில் காசு போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்கிற புண்ணியவான்களும் நம்மிடையே உண்டு. வட்டி ஹராம் என்பதால் அவர்கள் வாங்குவதற்குப் பெயர் ‘செலவு’.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குறுகிய படிப்பென்றால் ஷெங்கன் வீசா. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடையாது. பிள்ளை திரும்பி வருவாளா என்று சந்தேகப்படுகிறவர்கள், காசு திரும்பி வராது என்பதை மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கென்றே மறுப்புப் படிவத்தில் அச்சடித்த கட்டமொன்றும் இருக்கிறது. ஒரு சரிக்குறி போட்டால் வேலை முடிந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1344இல் பயணி இப்னு பதூதா புத்தளத்துப் பக்கம் கரையிறங்கியபோது, மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்துப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தான். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டதாகப் பயணக் குறிப்பில் இல்லை. அந்த மனிதர் இன்றைக்கு எம்பசிக் கவுன்டரில் நின்றால் நிலைமை என்ன? நிலையான தொழிலில்லை, ஊருக்கு ஊர் கலியாணம். முதல் பக்கத்திலேயே விண்ணப்பத்தை மூடிக் கொடுத்திருப்பார்கள்.

எம்பசிகளை மட்டும் திட்டிவிட்டு நம்மவர்களை விட்டுவிட முடியுமா? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திடுகிற ‘புரிந்துணர்வு’ உடன்படிக்கைகளில் புகைப்படம் இருக்கும், பொன்னாடை இருக்கும், புரிதல்தான் இருக்காது. அங்கே படித்த பாடத்தை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக்குவது என்று முன்கூட்டி எழுதிவைக்க ஒருவருக்கும் நேரமில்லை. போன பிள்ளை திரும்பி வந்தால், ‘இது நம்முடைய பாடத்திட்டத்தில் இல்லையே’ என்று தலையைச் சொறிந்து, அடுத்த பெட்சோடு உட்கார வைப்பார்கள். கையெழுத்திட விமானத்தில் போய்வந்த பெரியவர்களுக்கு எந்தச் செமஸ்டரும் தவறுவதில்லை.

இனி, திரும்பி வருவதற்கு ஆதாரம். எம்பசி கேட்பது காணி உறுதி. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதனால் பேத்திக்கென்று வீடுண்டு. அவளுடைய உம்மா குவைத்தில் அடுப்படியில் நின்று கட்டிய வீடு. உம்மா போனபோது யாரும் 40 இலட்சம் கேட்கவில்லை. டிக்கெட்டும் வீசாவும் ஏஜென்சிக்காரர்களே எடுத்தார்கள், கையில் முன்பணமும் வைத்தார்கள். திரும்பி வருவாளா என்ற கவலையே அங்கில்லை. கடவுச்சீட்டை எசமான் அலுமாரியில் வைத்துப் பூட்டினால் போதும். நம் அரசாங்கத்துக்கோ 2013இல் திடீரென்று தாய்ப்பாசம் பொங்கி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையிருக்கிற தாய்மார் வீட்டுவேலைக்குப் போகாதபடி ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கேட்டது. டொலர் வேண்டும், தாய் வீட்டிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெண் செய்ய வேண்டும்.

பேத்தி இராத்திரி ரயிலில் கொழும்புக்குப் போகிறாள். உறுதியைக் கண்ணாடிக் கவருக்குள் போட்டு மடியிலேயே வைத்திருக்கிறாள். விடிந்ததும் வரிசை. பிறகு கவுன்டர்.

“வீடு யாருடைய பெயரில்?”

“உம்மாட பெயரில்.”

“அவங்க எங்க?”

“குவைத்தில, சேர். பன்னிரண்டு வருசமா.”

கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்: நெருங்கிய உறவினர் ஒருவர் வெளிநாட்டில் தங்கிவிட்டார்.