விழிப்புணர்வு ஊட்டும் மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தில் எது எழும்பலாம் என்று முடிவுசெய்யும் மேலிடம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆண்டுதோறும் பிப்ரவரி 2, உலகச் சதுப்பு நில நாளில் எங்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட நீங்கள் படும் பாட்டைப் பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறீர்கள். பூமி உருண்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர் வரைந்த பிள்ளைக்கு முதல் பரிசு. மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர். மக்கள் தேவைக்கும் இயற்கையின் எல்லைக்கும் சமநிலை காண்போம் என்று கொட்டை எழுத்தில் வாசகம். அதில் உங்கள் படம் பெரிதாகவும் பூநாரை சிறிதாகவும் இருக்கும். சமநிலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நாங்கள் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் எங்களுக்குப் பாடமே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் முதல் செய்முறை வகுப்பு: வேளச்சேரியில் தரைத்தளம் முழுகி, மொட்டை மாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையசைத்தோம். 2019 கோடையில் இரண்டாவது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். முதல் ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்பும் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து முதல் பாடத்தை ரிவிஷன் எடுத்துவிட்டுப் போனது.

ஒரே நகரம் முழுகவும் தண்ணீருக்குத் தவிக்கவும், நீர் தங்கும் இடத்தை மூடிவிடுவது என்ற ஒரே காரணம் போதும் என்பதை இந்த மூன்று வகுப்பிலும் புரிந்துகொண்டோம். தென்சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த உபரி நீர் வந்து சேரும் தாழ்வான இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி என்னும் சதுப்பு நிலம். அங்கே தேங்கும், கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும், மிச்சம் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். மழைக்கு மடி ஏந்தி, கோடைக்குக் கிணறுகளைக் காப்பாற்றும் வேலையை அது சம்பளம் வாங்காமல் பார்த்துவந்தது. சம்பளம் வாங்காதவர்களை நாம் மதிப்பதில்லை. பெருங்குடிப் பக்கம் ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினீர்கள். குறுக்கே சாலை போட்டீர்கள். ரயில் நிலையம் கட்டினீர்கள். பிறகு மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே அடுக்குமாடிகளும் வந்தன.

இதில் உங்களை மட்டும் குறைசொல்வது முறையல்ல, இது பரம்பரை வித்தை. 1920-களிலேயே மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் குடியிருப்புத் திட்டத்துக்கே ‘ஏரி ஸ்கீம்’ என்று பெயர். ஆட்டோக்காரரிடம் சொன்னால் இன்றும் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். திருடிய வீட்டின் கதவெண்ணைத் தன் வாசலில் மாட்டிக்கொள்ளும் நேர்மையை வேறெங்கே பார்க்க முடியும்?

நகரம் வளர வேண்டாமா, ஏழைக்கு வீடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். அதில் எனக்குப் பகடி கிடையாது. அந்த வீட்டை நீங்கள் எங்கே கொடுத்தீர்கள் என்பதில்தான் சிரிப்பு வருகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களை நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள் என்று லாரியில் ஏற்றினீர்கள். பல பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு பாதியில் நின்றது. கொண்டுபோய் இறக்கிய இடங்களில் பெரியது பெரும்பாக்கம். அதாவது கழுவெளியின் ஓரம். எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் ஓடாத நாளில் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் ஏற்றி, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி மேலே போகும் அம்மாவைக் கேளுங்கள், இயற்கையின் எல்லை எது என்று அவர் சொல்வார். மழை நாளில் கீழே இறங்கினால் முழங்கால் தண்ணீர். அவர் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த வீடுகளோ நகரத்தின் நடுவே, காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத தூரத்தில்.

ஆற்றங்கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. கழுவெளி ஓரத்தில் கொண்டுபோய் அடைத்தால் மறுவாழ்வு. அதே கழுவெளி ஓரத்தில் கோடிக்கு விற்றால் ‘லேக் வியூ அபார்ட்மெண்ட்’. உங்கள் சமநிலைக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது, 1,247 ஹெக்டேர். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எல்லையைத் தரையில் அளந்து முடிக்கும் வேலை நிலுவையிலேயே கிடந்தது. அளந்து முடிக்கும்வரை எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் புதிதாக அனுமதி தராதீர்கள் என்று 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டி வந்தது. எல்லைக்குட்பட்டு வாழுங்கள் என்று ஊருக்குச் சொன்னவர்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. அடுத்த விழிப்புணர்வு முகாமைப் பள்ளிக்கூடங்களில் வைக்காதீர்கள். பிளான் அப்ரூவல் கோப்புகள் கையெழுத்தாகும் உங்கள் அலுவலகத்திலேயே வையுங்கள். பாடம் எடுக்கப் பெரும்பாக்கத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ஆட்கள் வரத் தயார். படிப்பணம்கூட வேண்டாம் என்பார்கள். புதிதாகக் கையேடு அச்சிட வேண்டியதில்லை. பழைய கிராம வரைபடமும் அ-பதிவேடும் போதும். எது ஏரி, எது வாய்க்கால், எது கழுவெளி என்று சர்வே எண்ணோடு அதில் இருக்கிறது. ஓவியப் போட்டியையும் விட வேண்டாம். ஒக்கியம் மடுவின் அகலத்தை, அன்று இருந்ததையும் இன்று இருப்பதையும், அளவு மாறாமல் வரைய வேண்டும்.

முகாம் முடிந்ததும் கழுவெளியின் எல்லையை அளந்து கல் நடுங்கள். அந்த வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒட்டுங்கள். மனை வாங்க வருகிறவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் குடியிருந்து தவறாமல் சொத்துவரி கட்டும் ஒருவன்