படகுக்குக் காவடி

கோத்தா திங்கி மண்ணில் தூக்கிச் சுமக்கப்படுவது அவ்வளவு பாதுகாப்பான காரியம் இல்லை. 1699-இல் சுல்தான் மஹ்மூத் ஷாவைத் தோளில் சுமந்து தொழுகைக்குக் கொண்டுபோகும் வழியில்தான் தளபதி லக்சமணா பெந்தான் குத்திக் கொன்றார் என்பது இந்த ஊர்க் கதை. லக்சமணாவின் கர்ப்பிணி மனைவி அரண்மனைப் பலாச்சுளை ஒன்றுக்கு ஆசைப்பட்டுத் தின்றுவிட, அதற்குச் சுல்தான் கொடுத்த தண்டனையில் மூண்ட பகை என்பார்கள். சுல்தானின் சமாதி இன்றும் கம்போங் மக்காமில் இருக்கிறது. சுமக்கிறவர்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை; சுமக்கப்படுகிறவருக்குத்தான் கஷ்டம். என் மச்சான் ஒரு பைபர் படகை டிரெய்லரில் ஏற்றிய நாளில், சுற்றி நின்ற ஒருவருக்கும் இந்த வரலாறு ஞாபகம் வரவில்லை.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். படகு வாங்கியதற்கு அவர் வீட்டில் சொன்ன காரணம் வெள்ளம். 2006 டிசம்பரில் ஊர் மூழ்கி, துடைத்துக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியதைப் பார்த்த எந்தக் குடும்பமும் இந்தக் காரணத்தை எதிர்த்துப் பேச முடியாது. உண்மைக் காரணம் ஊடாங் காலா என்கிற ஆற்று இறால். ஜொகூர் ஆற்று இறாலுக்கு நீல நிறத்தில் நீண்ட கொடுக்கு இருக்கும். அதைத் தூண்டிலில் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளாத ஆள் இந்த வட்டாரத்தில் ஆம்பிளைக் கணக்கில் சேர்த்தி இல்லை.

படகை மெர்சிங்கில் ஒருவரிடம் வாங்கினார். பதினாறு அடி, பின்னால் 40 குதிரைசக்தி என்ஜின். டிரெய்லரைப் பொந்தியானில் வேறொருவரிடம் வாங்கினார். இரண்டும் மலிவு. மெர்சிங் படகின் அடி நடுவில் கூராக இறங்கும். பொந்தியான் டிரெய்லர் ஏதோ சப்பை அடிப் படகுக்காக அடித்தது. சேர்த்து வைத்துப் பார்த்தபோது வலப்பக்கக் கட்டையில் படகு உட்கார்ந்திருந்தது. இடப்பக்கக் கட்டைக்கும் படகுக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்து வெளியே வந்தது. பின்புறம் ஏறக்குறைய இரண்டடி அந்தரத்தில். என்ஜின் தொங்குவதும் அந்த இரண்டடியில்தான்.

“பரவால்ல லா, கயிறு போட்டு இறுக்கிருவோம்” என்றார் மச்சான்.

தண்ணீரில் இருக்கும் படகை எது தாங்குகிறது என்று யாரும் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை. அடிவயிறு முழுவதையும் தண்ணீர் சமமாக ஏந்திக்கொள்கிறது. டிரெய்லரில் ஏற்றியதும் அதே எடையை இரண்டு நீளக் கட்டைகளும் நாலைந்து ரப்பர் உருளைகளும் சுமந்தாக வேண்டும். கட்டை படாத இடத்தில் பைபர் தொய்கிறது. என்ஜினைத் தாங்கும் பின்பலகை கட்டையின் முனைக்கு மேல் வந்து உட்காராவிட்டால், ஒவ்வொரு குழியிலும் என்ஜின் கீழே குத்தி, அடிப்பாகம் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஆற்றில் வேகம் எடுக்கும்போது படகு மூக்கை இறக்கிக்கொண்டு அடம்பிடிக்கும். ஆள் என்ஜினைத் திட்டிக்கொண்டிருப்பார்.

தாமானில் டிரெய்லரைத் திறந்த இடத்தில் நிறுத்துவதும் இலவச ஆலோசனை முகாம் நடத்துவதும் ஒன்றுதான். எதிர்வீட்டு அங்கிள் கொக்கிக் குண்டைக் குனிந்து பார்த்துவிட்டு இது 50 மில்லிமீட்டரா, இரண்டு அங்குலமா என்று கேட்டார். வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதையும் ஓட்டினார்கள். மூலைவீட்டுச் சீனத் தவுக்கே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, “பேரிங் சூடா இருக்கும்போது தண்ணில இறக்காதே” என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்று பேசப்பட்டதில் காசு பெறும் பேச்சு அதுதான். ஓடி வந்த சூட்டில் சக்கரத்தை ஆற்றில் முக்கினால் உள்ளேயுள்ள காற்று சட்டென்று சுருங்கி, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்துக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அரை மணி ஆறவிட்டால் போதும். எனக்குத் தெரிந்து ஆற்றங்கரையில் அரை மணி சும்மா நின்ற தமிழன் இல்லை.

மச்சான் முதலில் தன் பழைய புரோட்டோன் சாகாவில்தான் இழுப்பதாக இருந்தார். அவர் மனைவி, எங்கள் அண்ணி, ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் தம்பிமுறை ஒருவனுடைய ஹைலக்ஸ் வந்து நின்றது.

விஷயம் தெரிந்து வந்தவர் ஒருவர்தான். தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிறவர், வெல்டிங் வேலையும் தெரிந்தவர், எல்லாருக்கும் மாமா. அலுமினியச் சட்டத்தை ஆளின் இடுப்பில் பூட்டி, தோளில் பஞ்சு வைத்து, ‘நட, திரும்பு, ஆடு’ என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மயிலிறகு சொருகுவார். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்கொக்கியை ஒற்றைக் கையால் தூக்கினார். அது சுலபமாகத் தூக்கிக்கொண்டு வந்தது.

மச்சானுக்குப் பெருமை. “பாத்தீங்களா மாமா, எவ்ளோ லேசு!”

“லேசா இருந்தா செத்தே” என்றார் மாமா. “காவடியில பாரம் பின்னால போனா என்னாகும்? எடுக்கறவன் நடக்க மாட்டான், காவடி அவனை நடத்தும்.”

குளியலறை எடைபார்க்கும் தட்டு வேண்டும் என்றார். அண்ணியின் தட்டுதான் கிடைத்தது. டயட் தொடங்கியதிலிருந்து அதை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். யார் பார்க்கக் கூடாதென்று பூட்டினாரோ தெரியாது. சமதரையில் செங்கல் அடுக்கி, கொக்கி வழக்கமாக நிற்கும் உயரத்துக்குத் தட்டை ஏற்றி, அதன்மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினார்கள். 12 கிலோ. படகு, என்ஜின், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்துச் சுமார் 600 கிலோ. படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து பங்காவது மூக்கில் இருப்பது நல்லது; அதாவது 42-லிருந்து 60 கிலோ. இதைவிடக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டத்தை நிறுத்த வண்டி பிரேக் போட்டால் இன்னும் ஆடும். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் எதிரே செம்பனை லோரி வந்துகொண்டிருக்கும்; பந்தி காட்டுப் பக்கம் யானை வேறு குறுக்கே வரலாம். அங்கே வைத்து இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டாம்.

“தட்டு சரியாத்தான் காட்டுதா?” என்று மச்சான் கேட்டார். அண்ணி வாசலிலிருந்தே, “அது எப்பவும் அதிகமாத்தான் காட்டும்” என்றார்.

வேலை துருவிலிருந்து ஆரம்பித்தது. சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் யூ-போல்டுகள் ஆணியும் நட்டும் ஒன்றாகிப் போயிருந்தன. எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் சுத்தியலால் தட்ட, ஒன்று கழன்றது, ஒன்று முறிந்தது. அத்தனையையும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொன்னார் மாமா. பிறகு முன்னால் கைவின்ச் நிற்கும் தூணை நகர்த்திப் படகை இரண்டடி முன்னே இழுத்தார்கள். பின்பலகை கட்டையின் முனையில் சரியாக வந்து உட்கார்ந்தது. கட்டைகளின் தாங்கியைத் தளர்த்தி, படகின் சரிவுக்கு ஏற்பச் சாய்த்து, இடப்பக்கத்தை உயர்த்தினார். முன்பு என் கை போன இடத்தில் ஒரு வெள்ளித் தாளைச் சொருகிப் பார்த்தார், போகவில்லை. கட்டைமேல் சுற்ற மச்சான் பசார் மலாமில் கம்பளம் வாங்கி வந்திருந்தார், ரோஜாப்பூப் போட்டது. கம்பளத்தை அடித்த ஆணிகளை மாமா பக்கவாட்டில்தான் அடித்தார்; மேலே அடித்தால் படகின் அடி கிழியும்.

மறுபடி தட்டு. 75 கிலோ. இப்போது அதிகம், ஹைலக்ஸ் பின்னால் குந்திக்கொள்ளும். இங்கேதான் மாமாவின் கைவேலை தெரிந்தது. படகைத் தொடவே இல்லை. சக்கரம் மாட்டிய அச்சை ஆறு அங்குலம் முன்னால் நகர்த்தினார். அச்சு முன்னால் வந்தால் மூக்கின் பாரம் குறையும். பிறகு கொக்கியிலிருந்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் நூல் பிடித்தார். ஒரு பக்கம் அரை அங்குலம் கூட. தட்டிச் சரிசெய்து, மறுபடி நூல். இரண்டும் சரியாக ஒத்துவராவிட்டால் டிரெய்லர் நண்டு மாதிரி நடந்து டயரைத் தின்னும் என்றார். தட்டு 51 காட்டியது. போல்டுகளை முடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் சட்டத்தோடு சேர்த்து வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்தார்; போல்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

முன் கயிறு மட்டும் போதாது என்பதையும் மச்சானுக்குப் புரியவைக்க நேரம் எடுத்தது. பின்பலகையின் இரு மூலையிலிருந்தும் பட்டை போட்டு டிரெய்லர் சட்டத்தோடு இறுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலியில் விழும். முதல் ஓட்டத்தில் மச்சான் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தார். படகு ஆடவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மாமா மட்டும் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி வெள்ளைக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், சாமி ஊர்வலம் என்று நினைத்து நின்று பார்த்தார்கள்.

இறால் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். டிரெய்லர் நன்றாக ஓடுகிறது என்ற செய்திதான் ஊரில் பரவியது. கல்யாண வீட்டு நாற்காலி ஏற்ற ஒருவர் கேட்டுவிட்டார். கட்டில் மாற்ற இன்னொருவர். போன வாரம் காவடி மாமாவே வந்தார்: தைப்பூசத்துக்குச் சின்ன ரதம் ஒன்று செய்கிறார்களாம், கட்டைகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரை இரண்டு நாள் கொடுத்தால் போதுமாம், எப்படியும் தானே திரும்பப் பூட்டித் தந்துவிடுவாராம். மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை. ரோஜாப்பூக் கம்பளத்தைத் தடவிக்கொண்டே, முருகனின் எடை எவ்வளவு இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எடைத் தட்டைத் தர மாட்டேன் என்று அண்ணி உள்ளேயிருந்து சொல்லிவிட்டார்.