ஸ்டெபிலைசரில் பாட்டு கேட்கலாமா?

கேள்வி: பரணில் பழைய ஸ்டெபிலைசர் ஒன்று கிடக்கிறது. அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்யலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: செய்யலாம், இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தால்! ஸ்டெபிலைசரில் இருப்பது பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். பிரைமரி, செகண்டரி இரண்டுக்கும் ஒரே சுருள். வெளிவரும் ஒயர் வீட்டுக் கரண்டின் உடன்பிறப்பு. தொட்டால் பாட்டு உங்களுக்குள் ஓடும். மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கமே போகாதீர்கள். அதில் சுமார் 2,000 வோல்ட், நேரே எமலோக எக்ஸ்பிரஸ்.

பழுதான ஹோம் தியேட்டர், டேப்ரிக்கார்டர் ஆம்ப்ளிஃபையர்களில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுங்கள். சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. 12-0-12 என்று எழுதியிருந்தால் 12 வோல்ட்தான் என்று நம்பிவிடாதீர்கள். டையோடு, கெப்பாசிட்டர் தாண்டியதும் அது 1.41 மடங்காகி, பக்கத்துக்கு 17 ஆகிவிடும். டிடிஏ2030 ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. தாங்குவது 18 வரைதான். நள்ளிரவில் லைன் 250 வோல்ட்டைத் தொட்டால் ஐ.சி. புகையாகப் போய்ச் சேரும். அதற்கு 9-0-9 போதும். சத்தம் கொஞ்சம் குறையும், பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துவார். 18-0-18 கிடைத்தால் எல்எம்3886 ஐ.சி. போடுங்கள், தாராளமாகத் தாங்கும்.

வாங்கியதும் நேரே பிளக்கில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, செகண்டரியில் எதையும் இணைக்காமல் சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே காயில் ஷார்ட். பேரம் பேசாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.