பிரைமவேரா வாங்கியாச்சு, பயிற்சி?
திட்ட அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேராவின் உரிமத்துக்குக் கட்டுமானக் கம்பெனிகள் தயங்காமல் பணம் கட்டுகின்றன. அதை இயக்கும் பொறியாளருக்குப் பயிற்சி? "யூடியூப்ல இருக்கே தம்பி, பார்த்துக்கோங்க." தம்பியும் பார்க்கிறார், ராத்திரியில், சொந்த டேட்டாவில்.

எது முடிந்தால் எது தொடங்கும் என்ற தொடுப்பைக் கொடுத்தால்தான் மென்பொருள் தேதிகளைக் கணக்கிடும். தம்பிக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாத் தேதியையும் கையால் அடித்துப் பூட்டிவிட்டார். அஸ்திவாரம் ஒரு மாதம் தள்ளிப்போயும் மூன்றாம் மாடித் தளம் சொன்ன நாளிலேயே நிற்கிறது, அந்தரத்தில். தேதிகளை மறுபடி கணக்கிட எஃப்9 விசையைத் தட்டினாலும் அசைவதில்லை. எம்.டி.க்கோ ஏக சந்தோஷம்: அட்டவணையில் தாமதமே இல்லை!

டவர் கிரேனில் ஏறுபவரிடம் மட்டும் சான்றிதழ் கேட்பார்கள். கிரேன் விழுந்தால் சத்தம் கேட்கும் அல்லவா? உரிமத்துக்குப் பணம் கட்டிய கம்பெனிதான் பயிற்சிக்கும் கட்ட வேண்டும்.