தலைமன்னார் பியரில் இறங்கவிருக்கும் உல்லாசப் பயணியர் பொருட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு.

பொருள்: மன்னார்க் கரையில் இறங்கும் கப்பல் பயணியருக்கான அறிவுரைகள் – முதல் வரைவு.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் வழியே உருப்பெற்ற மேற்படி சபையின் மேலான சமூகத்துக்கு மன்னார்த் தீவின் கரைவாசிகள் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்: 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்.வி. எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுச் சென்றதைத் தீவார் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தனர். 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு இரவுப் பயணங்களை நடத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, 2017இல் கியூபாவின் ஹவானாவுக்கும் சென்று வந்த அந்தக் கரீபியக் கப்பல், முதிர்ந்த வயதில் இந்தியக் கம்பனி ஒன்றின் கைக்கு மாறி வடபகுதிவரை வந்தும் மன்னார்ப் பக்கம் திரும்பிப் பாராமல் போனதற்குத் தீவின் குறைபாடுதான் காரணமாயிருக்க வேண்டும். கரீபியக் கடலில் ஏறும் பயணி ஒவ்வொருவரும் புறப்படுமுன்னரே அறிவுரைக் கோவையொன்றை மனப்பாடம் செய்துவிடுகின்றார் என்றும், மன்னாருக்கோ அத்தகைய கோவை இதுவரை இல்லை என்றும் விசாரித்ததில் தெரிய வந்தமையால், சபையின் வேலைப்பளுவைக் குறைக்கும் நோக்கில் இவ்வரைவு தயாரிக்கப்பட்டது.

பயணி முதலில் அறிய வேண்டியது கப்பலிலிருந்து இறங்கும் முறையாகும். துறைமுகத்தில் ஆழமோ மேடையோ போதாவிடில் பெருங்கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்கள் சிறு படகுகளில் கரை சேர்க்கப்படுவர்; இப்படகுக்கு டென்டர் என்று பெயர். கேமன் தீவுகளின் ஜோர்ஜ் டவுனில் பயணியர் இன்றும் இவ்வாறே இறங்குகின்றனர். அங்கு உல்லாசக் கப்பல்களுக்கென மேடை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தியபோது தீவு மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். தம் கரையில் என்ன கட்டலாம் என்று மக்களிடம் கேட்கும் வழக்கம் உலகில் எங்கோ ஓரிடத்தில் உண்டு என்பதற்கு மட்டுமே இச்செய்தி இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றது. சபை கலவரமடைய வேண்டியதில்லை. மன்னாரைப் பொறுத்தவரை, பெருங்கப்பலொன்று மிதப்பதற்கு ஏழெட்டு மீற்றர் நீராவது வேண்டியிருக்க, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஆதாம் பாலம் எனவும் இராமர் பாலம் எனவும் அழைக்கப்படும் மணல்திட்டுத் தொடரில் பல இடங்களில் ஓராள் இடுப்பளவு நீரே உள்ளது. ஆகவே கப்பல் கரைக்குத் தென்படாத தொலைவில் நிற்க, பயணியர் ஃபைபர் வள்ளங்களில் நெடுநேரம் பயணம் செய்து உடையெல்லாம் நனைந்து கரை சேர்வர் என்பதையும், இதனை விளம்பரத்தில் 'உள்ளூர் அனுபவம்' என்று குறிப்பிடலாம் என்பதையும் சபை கவனத்தில் கொள்ளலாம்.

இரண்டாவது அறிவுரை நேரம் பற்றியது. கப்பல் நேரம் என்பது கப்பலுக்குள் நடைமுறையிலிருக்கும் கடிகார நேரம். அது கரையின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்னும் கட்டாயமில்லை. கப்பல் கம்பனியே ஏற்பாடு செய்த கரைச் சுற்றுலாவில் சென்றவருக்காகக் கப்பல் காத்திருக்கும்; தாமாக வாகனம் பிடித்துப் போய்ப் பிந்தியவருக்காகக் காத்திராது. கரீபியத் துறைகளில் நெகிழிப் பைகளைத் தூக்கிக்கொண்டு மேடைமீது தலைதெறிக்க ஓடிவரும் தம்பதியரை மேல்தளத்திலிருந்து கைதட்டி வரவேற்பது பயணத்தின் இலவசக் கேளிக்கைகளுள் ஒன்றாகும். மன்னாரில் இவ்வறிவுரை மிகையானது. ஏனெனில் இத்தீவு முழுவதுமே ஏற்கனவே கப்பலைத் தவறவிட்டு நிற்கின்றது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தயாரான பின்னர், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடந்து, தலைமன்னார் பியரில் தமக்கெனக் காத்திருந்த புகையிரதத்தில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினார். போட் மெயில் என்று இரு கரையினரும் அழைத்த இவ்வேற்பாட்டில் கப்பலின் நேரமும் புகையிரதத்தின் நேரமும் ஒன்றாகவே இருந்தன. இர்வின், கோஷன் என்னும் பெயர்களையுடைய கப்பல்கள் அக்காலத்தில் ஓடின. அவற்றில் நீச்சல் குளமோ சூதாட்டக் கூடமோ இருந்திராதபோதிலும் போனவர் போன காரியத்தை முடித்துத் திரும்பினர். 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அதன் புகையிரதத்தோடு வாரிச் சென்றது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் என்னும் கப்பல் வந்துபோயிற்று. 1984இல் யுத்தச் சூழலில் அதுவும் நின்றது. ஆகவே பியரில் தாமதமாக வந்து சேரும் பயணியைக் கண்டு கைதட்டும் தகுதி இவ்வூரில் எவருக்கும் இல்லை.

காலநிலை பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கரீபியத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவமென்று கட்டணத்தைக் குறைப்பார்கள். இங்கு மே முதல் சோழகமும், ஒக்டோபரின் பின் வாடையும் தத்தம் முறைக்குக் கடலைக் கலக்குவதால், குமட்டல் மாத்திரை ஆண்டு முழுவதற்கும் பரிந்துரைக்கப்படுகின்றது.

கரைச் சுற்றுலா என்பது கப்பல் நிற்கும் சில மணித்தியாலங்களுக்குள் ஊரைப் பார்த்து முடித்துவிடும் கலை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி ஒல்லாந்தர் பின்னர் திருத்திய கோட்டை, சுற்றளவில் ஏறத்தாழ 19 மீற்றர் கொண்ட பள்ளிமுனைப் பெருக்கமரம், அராபிய வணிகரோடு வந்து தங்கிவிட்டதாகச் சொல்லப்படும் கழுதைகள் ஆகிய மூன்றையும் ஒரு முற்பகலில் முடிக்கலாம். கழுதைகள் வீதியின் நடுவில் நின்றால் மட்டும் அட்டவணை சற்றுப் பிந்தும். சிந்தனையுள்ள பயணியை அரிப்பு என்னும் ஊருக்கு அழைத்துச் செல்வது தகும். பிரித்தானிய இலங்கையின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய டொரிக் மாளிகை அங்கே மண்மேட்டின் விளிம்பில் நின்று, துண்டு துண்டாகக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கின்றது. அவ்விடத்தில் வழிகாட்டி விளக்க வேண்டிய சொல் சலாபம் என்பது. அரசு குறித்த நாட்களில் பார் எனப்படும் சிப்பிப் படுகைகளைத் திறந்துவிட, கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி ஆட்கள் இறங்கும் குளிப்பு அது. 1905இல் அரசு பெருவருமானம் கண்டது. வருமானத்தைக் கண்ட மறுவருடமே பார்களை லண்டன் கம்பனியொன்றுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பின்னர் பல ஆண்டுகளுக்கு அள்ளுவதற்குச் சிப்பி இருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் முதலீட்டாளரை வரவேற்கும் முறை பற்றிய பயிற்சிப் பட்டறைகளைச் சபை இம்மாளிகையின் எஞ்சிய சுவர்களுக்கு இடையில் நடத்தலாம்.

வங்காலை ஈரநிலச் சரணாலயத்தின் பூநாரைகளையும் காட்ட வேண்டும். அவை வாடைப் பருவ மாதங்களில் நீண்ட வான்வழியில் வந்து இறங்குபவை. 2010 முதல் சரணாலயம் ராம்சார் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்குச் சர்வதேச அந்தஸ்து உண்டு. தீவின் தென்கரையில் 2020 முதல் சுழலும் 'தம்பபவனி' நிலையத்தின் 30 காற்றாடிகளும் அதே சட்டகத்துக்குள் புகைப்படத்தில் விழும். மேலும் காற்றாடிகள் வேண்டாமென்று 2025 ஆகஸ்டிலிருந்து ஊரார் வீதியில் அமர்ந்த செய்தியைப் பயணி கேள்விப்பட்டிருந்தால், காற்று கொழும்புக்கு மின்சாரமாகப் போவதாகவும் மழைநீர் தீவிலேயே நின்றுவிடுவதாகவும் ஊரார் சொல்வதை வழிகாட்டி மொழிபெயர்க்காமல் தவிர்த்துவிடலாம்.

வரைவின் முதன்மையான பகுதி மணல்திட்டுகள் பற்றியது. கரீபியத்தில் பெருங்கம்பனிகள் தனித்தீவுகளையும் தனிக்கரைகளையும் வைத்திருக்கின்றன. பஹாமாஸின் கோகோகேயும், ஹெயிட்டியின் வடகரையில் வேலியடைத்துக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட லபாடியும் அத்தகையவை. வேலிக்கு வெளியேயுள்ள நாட்டைக் காணாமலே அந்நாட்டில் ஒரு பகல் முழுவதும் மகிழ்ந்திருக்க முடிவது இவற்றின் சிறப்பு. 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஆதாம் பாலத்தின் திட்டுகளுக்கு இந்த யோக்கியதை முழுமையாக உண்டு: வீடில்லை, மரமில்லை, குடிநீரில்லை, ஆலாக்கள் முட்டையிடும் வெண்மணல் மட்டுமே உண்டு. அங்கு இறங்குவோர் முட்டைகளை மிதியாமல் நடக்க வேண்டும், தலையை மூட வேண்டும், குடிநீரைக் கையிற் கொண்டுசெல்ல வேண்டும், அழைத்துப் போக வரும் படகின் நேரத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்னும் நான்கு அறிவுரைகளையும் வரைவாளர் கரீபியக் கோவையிலிருந்து எடுக்கவில்லை. இத்திட்டுகளில் ஏற்கனவே இறங்கியவர்களிடம் கேட்டு எழுதினர். யுத்த காலத்திலும், பின்னர் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காமற்போன 2022 மார்ச்சிலிருந்தும், கைக்குழந்தைகளோடு இரவில் வள்ளமேறியோரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அருகிலுள்ள திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினர். இந்தியக் கரையோரக் காவற்படை வந்து ஏற்றும்வரை அவர்கள் அம்மணலிலேயே இருந்து, பின்னர் மண்டபம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1990 ஒக்டோபரில், புறப்படுவதற்குச் சில நாளே தவணை கொடுத்துப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்களும் தீவிலிருந்து கற்பிட்டிக்குக் கடல்வழியேதான் போயின. அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழகத்துக் கூலியாட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை கால்நடையாகப் போக, வழிநெடுகக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தோர் கணக்கில் வரவில்லை. மன்னாரின் கரைச் சுற்றுலாக்களுள் மிக நீண்டது அதுவே. இக்கரைக்கும் எதிர்க்கரைக்கும் இடையில் எவருக்கும் ஒரே நீர், ஒரே மணல், ஏறத்தாழ ஒரே தூரம். டிக்கெட் வைத்திருப்பவர் செய்தால் உல்லாசப் பயணமென்றும், இல்லாதவர் செய்தால் சட்டவிரோதக் குடிப்பெயர்வென்றும் கோவைகளில் பதியப்படுவதால், எந்தக் கரும பீடத்தில் எவர் நிற்க வேண்டும் என்னும் அறிவித்தல் பலகையொன்று பியரில் தேவைப்படும்.

இரவுக் காட்சி பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. மேல்தளத்தில் நிற்கும் பயணிக்கு மேற்கே வரிசையாக மினுங்கும் விளக்குகள் மிதக்கும் நகரமொன்றைப் போலத் தோன்றலாம். அவை எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள். கடலின் அடித்தரையைச் சுரண்டி அள்ளும் அம்மீன்பிடி முறை 2017இல் இலங்கைச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோதிலும், விசாவோ டென்டரோ இன்றித் தவறாமல் வருகை தரும் வெளிநாட்டவர் இவர்களே ஆதலால், வருகைப் புள்ளிவிபரத்தில் இவர்களையும் சேர்த்துக்கொள்வது இலக்கை எட்ட உதவும். அறுந்த வலையோடு காலையில் பேசாலைக் கரைக்குத் திரும்புவோரைப் பயணியர் படம்பிடிக்க விரும்பினால் முன்அனுமதி பெறுவது நாகரிகம்.

நினைவுப் பொருள்களாக ஒடியலும் கருவாடும் போதும். முத்து என்று சொல்லி எவரேனும் எதையேனும் விற்றால் வாங்காதிருப்பது நன்று.

எஞ்சியிருப்பது விண்ணப்பம். 2024 டிசம்பரில் இலங்கை ஜனாதிபதி புதுடில்லி சென்றிருந்தபோது, இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான பயணியர் படகுச் சேவையை விரைவில் மீளத் தொடங்க இரு அரசுகளும் இணங்கின. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியதைத் தீவார் அறிவர். பியர்வரையிலான தண்டவாளமும் 2015 மார்ச்சிலிருந்து தயாராகவே கிடக்கின்றது. ஆகவே உல்லாசக் கப்பலுக்கென இவ்வரைவைச் சபை கோவையில் இட்டுவைத்துக்கொண்டு, அதற்கிடையில் எதிர்க்கரையின் தங்கச்சிமடத்திலுள்ள தமக்கையின் மகளது கலியாணத்துக்குப் பேசாலையிலிருந்து போக விரும்பும் ஒருவர் கொழும்புக்குப் போய் விமானமேறாமல் போய்வரத்தக்க சாதாரணப் படகொன்றையும், மீன்பிடிக் குடும்பமொன்றால் கொடுக்கத்தக்க கட்டணத்தையும் பற்றி உரிய அமைச்சுகளோடு கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றது. அப்படகில் மேல்தளமும் இசைக்குழுவும் இல்லாமற்போனாலும் ஆட்சேபம் இராது; கழிப்பறை இருப்பது நலம். பதில் தமிழில் அனுப்பப்படுமாயின் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடும் செலவு மிஞ்சும்.

இங்ஙனம்,
மன்னார்த் தீவின் கரைவாசிகள்.