கொம்பை நிமித்தி வை மாப்ள

என்ன மாப்ள, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது? பெங்களூர் கம்பெனி வேலையை இங்கிருந்தே பாக்கறேன்னு வந்தவன், பெரிய வீட்டுக்கும் தோட்டத்துச் சாளைக்கும் நடுவுல போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நாள் பூராம் நடக்கறே. தண்ணி கட்ட வந்த ஆளு, "சின்னவருக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா"ன்னு கேட்டான். "வேப்பிலை அடிக்கலாமான்னு ரோசிச்சுட்டிருக்கறோம்"னு சொல்லி வெச்சிருக்கறேன்.

பெரிய வீட்டு ரூட்டர்ல இருந்து வயரே இல்லாம, காத்துலயே பாலம் போட்டுச் சாளை ரூட்டருக்கு நெட்டைக் கொண்டுபோறேன்னே. நல்ல காரியந்தான். எட்டாவது தாண்டாத எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆனா தோப்புல தேங்காய்த் திருடனைப் பிடிக்கக் கேமரா மாட்டுனப்ப, அந்தப் பையன் செஞ்சதையெல்லாம் கயித்துக் கட்டில்ல தூங்கற மாதிரிப் படுத்துப் பாத்துட்டிருந்தேன். அதுல கொஞ்சம் சொல்றேன். இன்ஜினீயருக்குப் பிடிச்சா எடுத்துக்க.

மொதல்ல அந்தக் கொம்பு, அதான் ஆன்டெனா. பெரிய வீட்டு ரூட்டர் கொம்பு நுனியைச் சாளைப் பக்கமும், சாளைக் கொம்பு நுனியைப் பெரிய வீட்டுப் பக்கமும் நீட்டி வெச்சிருக்கறே. அந்தக் குச்சிக்கு நுனி வழியா அலை போவாது சாமி, பக்கவாட்டுலதான் போவும். ரெண்டையும் நேரா நிமித்தி வை. பத்தலைன்னு நீளக் கொம்பு வேற வாங்கியாந்திருக்கறே, அதையும் அப்படியே படுக்க வெச்சிருக்கறே. கடைக்காரன் நல்லா இருக்கட்டும்.

"சிக்னல் முழுசாக் காட்டுது மாமா, நெட்டுதான் வரமாட்டேங்குது, சில நேரம் வருது"ங்கறே பாரு, அங்கதான் சூட்சுமம் இருக்குது. சாளை ரூட்டர் பெட்டியைப் பிரிச்ச நாள்ல இருந்து தன்னை 192.168.1.1னு நெனச்சுட்டிருக்குது. பெரிய வீட்டு ரூட்டரும் அதே நெனப்புலதான் இருக்குது. ஒரு ஊர்ல ரெண்டு நாட்டாமை. போனு உள்ள வந்து "எனக்கொரு நம்பர் குடுங்க"ன்னு கேட்டா, டிஎச்சிபிங்கற பேர்ல ரெண்டும் குடுக்க ஓடி வருது. எது குடுத்தாலும் வெளிய போற வழி 192.168.1.1னுதான் சொல்லும். அந்த நம்பருக்குப் பெரிய வீடு முந்திப் பதில் சொன்னா நெட்டு வருது. சாளை முந்துனா, "வெளிய போற வழி நாந்தான்"னு அது சொல்லீருது. அதுக்கு ஏது வழி? சாளை ரூட்டர் நம்பரை 192.168.1.2ன்னு மாத்து. அதுல டிஎச்சிபியை நிறுத்து. அப்பறம் போனுல கேட்வே எதுன்னு பாரு, 192.168.1.1னு இருக்கோணும். நீ இதை உட்டுப்போட்டு ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, அவன் பாட்டுப் போட்டு உட்டதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தே. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

சேனலை ஆட்டோவுல உட்டிருப்பியே? உட்டிருப்பே. நம்மூருல கரண்டு போறதுக்கு நேரங்காலம் உண்டா? போய்ட்டு வந்ததும் பெரிய வீட்டு ரூட்டர் புதுசா ஒரு சேனல்ல போய் உக்காந்துக்குது. டபிள்யூடிஎஸ்னு நீ போட்டிருக்கிற பாலத்துல ரெண்டும் ஒரே சேனல்ல இருந்தாத்தான் பேச்சுவார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 மூணுல எது காலியா இருக்குதோ அதை ரெண்டுலயும் கையால போட்டு நிறுத்து.

ரெண்டும் வேற வேற கம்பெனியா வாங்கியிருக்கறே, தள்ளுபடின்னு. சாதாரண வைஃபைல ஒரு பொட்டலத்துக்கு மூணு விலாசம். இந்தப் பாலத்துல போறதுக்கு நாலு. 802.11 விதியில நாலாவதுக்கு எடம் இருக்குது, ஆனா அதை வெச்சுப் பாலம் எப்படிக் கட்டறதுன்னு கம்பெனிக்கு ஒரு கணக்கு. அதனால ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாமலே போயிரலாம். பாஸ்வேர்டு சரியா இருந்தும் சேரலைன்னா இதைச் சந்தேகப்படு. பாலத்துல எதிர் ரூட்டருக்குன்னு நீ எழுதுன மேக் அட்ரஸையும் பாரு. அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல லேன் மேக் இருக்கும், ரேடியோவோட மேக் கடைசி எழுத்துல மாறியிருக்கலாம். அது ரூட்டருக்குள்ள போனாத்தான் தெரியும். நீ ஸ்டிக்கரைப் பாத்துத்தானே எழுதுனே? தெரியும்.

இதையெல்லாம் ரெண்டு ரூட்டரையும் ஒரே மேசை மேல வெச்சுச் செய். பக்கத்துல வெச்சு ஓடலைன்னா, தூரத்துல வெச்சு ஓட அது என்ன ரோசப்படவா போவுது? ஓடுனதுக்கப்பறம் சாளைக்குத் தூக்கிட்டுப் போ. தகரக் கூரைக்கடியில வெக்காதே, ஜன்னலோரம் வெய்யி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகந்தான், ஆனா செவுத்தைத் தாண்ட 2.4 அளவுக்கு அதுக்குத் தெம்பு பத்தாது. நடுவுல தென்னை நின்னா, பச்சை மட்டைத் தண்ணியே அலையைக் குடிச்சுப்போடும், மழை நனைச்ச தோப்புன்னா இன்னும் மோசம்.

இத்தனையும் சரியா வந்தாலும், வேகம் பாதிதான் கெடைக்குதுன்னு அழுதுட்டு வராதே. ஒரே ரேடியோவுல அக்கட்ட வாங்கி இக்கட்டக் குடுக்கோணும். ஒரே நேரத்துல ரெண்டையும் செய்ய முடியாது.

வயர் இழுத்துரலாம்னு உங்க அத்தை அன்னைக்கே சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்னு சிரிச்சே. சாளைக்கு 100 மீட்டர் கூட வராது, லேன் வயரே அவ்வளவு தூரம் தாங்கும். ஆனா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்பு வயர் போனா இடி விழற நாள்ல ரெண்டு ரூட்டரும் போயிரலாம். ஃபைபர் வயர் வாங்கி, ரெண்டு முனையிலயும் மீடியா கன்வர்ட்டர் மாட்டீரு. குழாய்க்குள்ள உட்டு மண்ணுல பொதைக்கோணும். அதுக்குக் கால்வாய் வெட்டற ஆப்பு எதுவும் உம் போனுல இல்லைன்னு நெனைக்கறேன். மம்பட்டி மாட்டுச்சாளையில கெடக்குது, வெய்யில் ஏறறதுக்குள்ள எடுத்துட்டு வா.