நாற்காலி ஊழியம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதமும் கூறியாயிற்று. ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். ஆறேகாலுக்கு அங்கே ஜூம்பா வகுப்பு. மணி ஐந்தே முக்கால். கைக்கு இரண்டாக நான்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போகிறேன். எதிரே சபையின் மூத்த அங்கிள் ஒருவர். ஒரு கையில் கடித்த ரோல்ஸ், இன்னொரு கை நாற்காலியின் முதுகில். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “தம்பி, உங்களப் பாத்தாப் பாவமா இருக்கு. இந்த வாலிபப் பிள்ளைங்க ஒரு கை கொடுக்கக் கூடாதா?”

சொன்னவர் கையை நாற்காலியிலிருந்து எடுக்கவே இல்லை.

லண்டனில் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் வாலிபர் ஊழியன். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரில் அம்மா, “மூத்தவன் ஃபாரின்ல ஊழியம் செய்யுதான்” என்று சொல்லும்போது கேட்பவர்கள் கண்ணில் விமானமும் மைக்கும் பெருந்திரளும் தெரியும். அம்மா கண்ணிலும் அதுதான் தெரிகிறது. நான் கலைக்கவில்லை.

‘அயல்நாட்டில் வாலிபர் ஊழியம்: சவால்களும் வாய்ப்புகளும்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். சவால்கள் மூன்று, வாய்ப்புகள் இரண்டு என்று குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த நாற்காலியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வருகிறேன்.

எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. இங்கே தமிழ்ச் சபைகள் பலவற்றுக்கும் கிடையாது. ஆங்கிலேயர்களின் கோயில் மண்டபத்தை ஞாயிறு பிற்பகலுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அங்கே மூன்று ஜாதி நாற்காலிகள் உண்டு. ஒன்று இன்னொன்றோடு சேராது. முதலாவது, முதுகில் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு பெட்டி உள்ள பழைய மர நாற்காலி. அந்தப் பெட்டிக்குள் புத்தகம் தவிர எல்லாம் இருக்கும்: கசங்கிய டிஷ்யூ, காலி காணிக்கைக் கவர், பாதி சப்பிய இருமல் மிட்டாய், ஏதோ ஒரு குழந்தை சேமித்து வைத்த பிஸ்கெட். இரண்டாவது, பக்கத்து நாற்காலியோடு கொக்கி போட்டுக்கொள்ளும் மெத்தை நாற்காலி. இதைத் தனியாகத் தூக்க முடியாது. தூக்கினால் வரிசையே கூட வரும்.

மூன்றாவது பிளாஸ்டிக். ஏளனமாக நினைத்துவிடாதீர்கள். 1963-ல் ராபின் டே என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய பாலிப்ரொப்பிலீன் நாற்காலியின் வம்சம் அது. அச்சில் வார்த்த ஒரே துண்டு, கீழே கம்பிக் கால்கள், ஒன்றன்மேல் ஒன்று அலுங்காமல் உட்காரும். 2009-ல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை நாட்டின் தலைசிறந்த வடிவமைப்புகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது கான்கார்ட் விமானம், மினி கார் இவற்றோடு இந்த நாற்காலிக்கும் ஒரு தலை கிடைத்தது. இருக்கட்டும். கான்கார்டை யாரும் ஞாயிறு சாயங்காலம் அடுக்கச் சொன்னதில்லை.

ஆங்கிலேயத் திருச்சபையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போட வேண்டுமென்றால், சபையார் நினைத்தால் மட்டும் போதாது. திருமண்டலத்தின் சான்சலர் என்ற நீதிபதியிடம் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். ஆட்சேபணை வந்தால் வழக்கே நடக்கும். விக்டோரியா காலத்துப் பெஞ்சைத் தொடாதே என்று கொடிபிடிக்கும் பழமைவாதிகளைப் பார்த்து முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது நானும் அவர்கள் கட்சி. பெஞ்சை எவராலும் அடுக்க முடியாது.

மண்டபச் சுவரில் லாமினேட் செய்த அறிவிப்பு ஒன்று தொங்குகிறது. ‘ஒரு அடுக்கில் எட்டுக்கு மேல் கூடாது’ என்று சிவப்பெழுத்து. பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள்: சரியான அடுக்கு, தப்பான அடுக்கு. தப்பான அடுக்கின் படத்தில் பின்னணியில் எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை பேனர் தெரிகிறது. மானம் போகிறது என்று பலமுறை பேசியிருக்கிறோம். பேசியிருக்கிறோம் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

ஆராதனை முடிந்தபின் நம் மக்கள் நாற்காலியை என்ன செய்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரிய பொருள். கை ஊன்றுபவரை ஏற்கெனவே பார்த்தீர்கள். அடுத்தவர் காவல் வைப்பவர். குளிர்கோட்டு, கைப்பை, டிபன் கேரியர், தூங்கும் குழந்தை என்று நாற்காலிக்கு ஒன்றாக வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போயிருப்பார். கோட்டைத் தொட்டால் எங்கிருந்தோ, “தம்பி, அது என்னோடது!” என்று குரல் வரும். ஆள் வரமாட்டார்.

மூன்றாமவர் ஒற்றை நாற்காலித் தியாகி. இவர் உண்மையிலேயே ஒரு நாற்காலியைத் தூக்குவார். நடு மண்டபம் வரை வருவார். அங்கே ஒரு தெரிந்தவர் எதிர்ப்படுவார். நாற்காலி அங்கேயே இறங்கும். வீட்டுக்கடன் வட்டி, மூட்டுவலி, மகளின் வரன் என்று பேச்சு போகும். பிறகு இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார்கள். வருடாந்தரக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, “நாம எல்லாரும் சேர்ந்துதானே அடுக்குறோம்?” என்று கேட்பவரும் இவர்தான்.

நான்காவது, மேற்பார்வை. யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் கையில் தேநீரோடு நின்று சொல்வார்: “தம்பி, உந்தக் கதிரையைச் சுவரோட சாத்தாதேங்கோ, பெயின்ற் கீறுப்படும்.” அவர் சொல்வது எப்போதும் சரி. அதுதான் எரிச்சல்.

ஐந்தாவது வகை வந்தால் கதை முடிந்தது. நான் எட்டு எட்டாக அடுக்கி நிமிர்ந்திருப்பேன். நாலைந்து பேர் வந்து மேலேயிருந்து ஆளுக்கொன்றை எடுத்து வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். “ஒரு சின்ன ஜெபம் தம்பி.” ஜெபத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா? சம்பளம் வாங்குகிறவன் சொல்லலாமா? அந்தச் சின்ன ஜெபம் தேசங்களையும் தலைவர்களையும் சுற்றிவிட்டு இறுதியில் என்னிடம் வரும்: “கர்த்தாவே, இந்தத் தம்பியை ஊழியத்தில் பலப்படுத்தும்.” பலம்தான் தேவை, மறுக்கவில்லை. ஜூம்பா டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

வேதத்தில் ஆறுதல் தேடினேன். பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் படுத்துக் கிடந்தவன், எழுந்த நிமிஷமே தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தான். நம்மவர்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கிக்க, தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே ஐத்திகு, அவன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். அந்தக் காலத்திலேயே வாலிபனுக்கு நாற்காலி மிஞ்சவில்லை. இன்னொன்றும் உண்டு. தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளையும் புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும் இயேசு கவிழ்த்துப் போட்டார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். யார் நிமிர்த்தி வைத்தது என்று இருவருமே எழுதவில்லை. எனக்குத் தெரியும். ஒரு வாலிபர் ஊழியன்.

எங்கள் ஊர்க் கோயிலில் இந்தத் தொல்லையே இல்லை. பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சம்மணம் போட்டுத் தரையில். முடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் தீர்ந்தது. அசனப் பண்டிகைக்கு ஊரே கூடித் தரையில் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போகும்; ஒரு நாற்காலியை ஒருவன் நகர்த்தியிருக்க மாட்டான். மிஷனரிமார் எங்களுக்குப் பள்ளிக்கூடம் தந்தார்கள், ஆஸ்பத்திரி தந்தார்கள். அதற்கெல்லாம் கூலி வாங்கவில்லையே என்று நினைத்தேன். தங்கள் ஊர் நாற்காலியைப் பேரப்பிள்ளைகள் தலையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பளு தூக்குவதற்கென்றே இந்த நாட்டில் 1992-ல் விதிமுறை போட்டிருக்கிறார்கள். ஆபத்தான பளு தூக்கலைக் கூடுமானவரை தவிர்ப்பது முதலாளியின் கடமையாம். இதைச் சபைக் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். செயலாளர் கவனமாகக் கேட்டு, “நல்ல விஷயம். பிள்ளைகளைத் தூக்க விடாதீங்க, நீங்களே பார்த்துச் செய்ங்க” என்றார்.

சரி, சவால்களுக்கு வருவோம்.

வாலிபர் ஊழியத்தின் பெரிய இயக்கம் ஒன்று பிறந்ததே இந்த லண்டனில்தான். 1844 ஜூன் 6-ஆம் தேதி, ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தி, தன்னைப்போன்ற இளைஞர்களைச் சேர்த்து ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. நாளெல்லாம் கடையில் நின்று கால் கடுத்த பையன்கள். உட்கார ஓர் இடம் கிடைப்பதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாருங்கள், மறுபடியும் அங்கேயே வந்துவிட்டேன்.

எங்கள் வாலிபர் கூட்டம் வெள்ளி இரவு. இடம், மண்டபத்தின் பின்னால் உள்ள சாமான் அறை. ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் நாடகத்துக் கழுதை, மறு பக்கம் அளவுக்கு மீறிய டீ பாத்திரம், நடுவே நாங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் காவல்துறைச் சோதனைச் சான்று பெற்ற பெரியவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் சபை விதி, சரியான விதி. இரண்டாவது ஆளைத் தேடுவதில் வியாழக்கிழமை போய்விடும். பெற்றோர் என்னிடம் கொடுத்திருக்கும் வேலைகள் வேறு: தமிழ் பேச வையுங்கள், ஃபோனைக் குறைக்கச் சொல்லுங்கள், மெடிசின் எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் ஜி.சி.எஸ்.ஈ. முடிகிறவரை கூட்டத்துக்கு அனுப்ப முடியாது. ஆகஸ்டில் முடிவு வரும் காலையில் மட்டும் ஜெபத்துக்கு ஃபோன் வரும். “வாலிபர்கள் சபையின் தூண்கள்” என்று வருடத்துக்கு ஒருமுறை வாலிபர் ஞாயிறன்று பிரசங்கம் உண்டு. பிரசங்கியாருக்கு வாலிபர்கள்மேல் பெரிய பாரம். இறக்கி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

போன மாதம் அந்தச் சாமான் அறையில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணா, நிஜமா கேக்குறேன், நான் எதுக்கு ஞாயிற்றுக்கிழமை வரணும்? அப்பா, அம்மாவுக்காகவா?” என்றாள். அறை அமைதியானது. இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். என்னிடம் பதில் உண்டு, நல்ல பதில். வாயைத் திறந்தேன். கதவு தட்டப்பட்டது. “தம்பி, மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு பிறந்தநாள் இருக்கு. முப்பது நாற்காலி இரவலா எடுத்துக்கிறோம். ஏத்திவிட ஆளிருக்கா?” திரும்பி வந்தபோது அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்துவிட்டிருந்தார். முப்பது நாற்காலியில் இருபத்தெட்டுதான் திரும்பி வந்தது. அதற்கும் கமிட்டியில் என்னிடம்தான் கணக்குக் கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

போகட்டும். பள்ளி அரைத் தவணை விடுமுறையில் முகாம் வருகிறது. மினிபஸ் வேண்டும். இந்த நாட்டுச் சட்டப்படி 1997 ஜனவரி 1-க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு, பதினாறு பயணிகள்வரை ஏற்றிக்கொண்டு மினிபஸ் ஓட்டும் உரிமை கூடவே வந்துவிடும். எழுபது வயதுவரை செல்லும். பின்னால் எடுத்தவர்களுக்குத் தனித் தேர்வு, இல்லையென்றால் வண்டியின் எடை, அனுபவம் என்று ஏகப்பட்ட நிபந்தனை. அதில் ஒன்று, சம்பளத்துக்கு ஓட்டக்கூடாது. நான் வாங்குவதையும் சம்பளம் என்று மதித்த ஒரே இடம் அந்தச் சட்டம்தான்.

ஆகவே 97-க்கு முந்தியவர்களை நம்பித்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்திறங்கி, பெட்ரோல் நிலையத்தில் இராவேலை பார்த்துக்கொண்டே, பனியில் கார் ஓட்டப் பழகியவர்கள். அவர்களுக்கு மினிபஸ் ஒரு பொருட்டே அல்ல. ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் தோளில் கை வைத்து, “ஜெபிச்சுப்போட்டுச் சொல்லுறன் தம்பி” என்றார்கள். இந்தப் பதிலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நீங்களும் சொல்லியிருப்பதால் உங்களுக்கே தெரியும்.

இதை வாசிப்பவர்களில் 97-க்கு முன் லைசென்ஸ் எடுத்தவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.